கட்டையும் கொட்டையும் கற்பித்த கணிதம்

வரலாற்றில் பட்டம் பெற்ற ஒருவன் கணிதம் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய அன்பர்கள், கல்வி வரலாற்றில் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்துக் கொள்ளுமாறு பணித்தனர். அவ்வரலாற்றில் என் மனத்தை நெடுநாளாக உறுத்திக் கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. இயற்கணிதமும், எத்தனை வகையாகச் சேர்க்கலாம், எத்தனை வகையாக அடுக்கலாம் என ஆராயும் சேர்மானக் கணக்கும் சிறு பிள்ளைகளின் அறிவுக்கு எட்டுமா, எட்டுமாயின் எவ்வழியில் எட்டும் என்பதே அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இக்கேள்விக்கு விடை தேடியோர் கையில் எடுத்த கருவி மரக்கட்டை என்றால் நம்புவதற்குச் சற்று அரிதாகவே இருக்கும்.

1983ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஒருநாள் கணித ஆசிரியர் கரும்பலகையில் (க + ச)³ = க³ + 3க²ச + 3கச² + ச³ என்று எழுதி, மறுநாள் ஒப்பிக்க வேண்டும் என்றார். (எழுத்துக்களை இங்கே தமிழில் இட்டிருக்கிறேன்.) ஒப்பித்தேன். அந்த 3 எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் கேட்டேன். "கூலிக்காரன் பிள்ளைக்கு ஒப்பிக்கத் தெரிந்தால் போதும், காரணம் மண்டையில் ஏறாது" என்றார். அவர் தீயவர் அல்லர். அன்று பலரும் மெய்யென நம்பியதையே அவரும் சொன்னார். அந்த 3 மட்டும் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்கான விடையை நான் கண்டது முப்பது வயதுக்கு மேல், ஒரு பணியிடைப் பயிற்சியில், ஒரு மரப்பெட்டிக்குள்.

பிள்ளைகளின் கையில் கட்டையைக் கொடுத்துக் கணிதம் பயிற்றும் முறைக்கு முன்னோடியாகக் கூறத்தக்கவர் ஜெர்மனி நாட்டின் பிரடரிக் புரோபெல். 1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்களுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கிய இவரே, 1840இல் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரை வழங்கினார். 'கொடைகள்' என்று அவர் அழைத்த விளையாட்டுப் பொருள்களுள் மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். பிரித்துப் பார்க்கும் பிள்ளை, மீண்டும் கூட்டிப் பார்க்கும்போது முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள உறவை அறிகிறது என்பது அவர் கருத்து. 1851இல் பிரஷ்ய அரசு அவருடைய பள்ளிகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். மரக்கட்டையைக் கண்டும் அஞ்சிய அரசுகள் உண்டு போலும்!

புரோபெல் விட்ட இடத்திலிருந்து நெடுந்தொலைவு சென்றவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மருத்துவம் பயின்ற இவர், அறிவு வளர்ச்சி குன்றியோர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் பணியாற்றி, அவர்கள் கற்க இயலாதவர் அல்லர் என்று கண்டார். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் அவருடைய முதற் பள்ளி திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்த கூலித் தொழிலாளரின் பிள்ளைகளே அங்கே முதல் மாணவர்கள். இச்செய்தியை நம் மக்கள் நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். இன்று கட்டணப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் மின்னும் அப்பெயர், சேரிக்கு ஒப்பான ஓரிடத்தில் பிறந்த பெயராகும்.

நான் மேலே குறிப்பிட்ட மரப்பெட்டி மாண்டிசோரி அம்மையார் அமைத்தது. அதற்கு ஈருறுப்புக் கனசதுரம் என்று பெயர். பெட்டிக்குள் 8 கட்டைகள் இருக்கும். ஒன்று பெரிய சிவப்புக் கனசதுரம். ஒன்று சிறிய நீலக் கனசதுரம். எஞ்சிய ஆறில் மூன்று, சிவப்புச் சதுர முகமும் கறுப்புப் பக்கங்களும் கொண்ட தட்டையான கட்டைகள். மற்ற மூன்று, நீலச் சதுர முகமும் கறுப்புப் பக்கங்களும் கொண்ட நீண்ட கட்டைகள். நிறத்தோடு நிறம் பொருந்த அடுக்கினால் எட்டும் ஒரே கனசதுரமாகிப் பெட்டிக்குள் அடங்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இஃது ஒரு விளையாட்டு, அவ்வளவே. எழுத்தும் இல்லை, வாய்பாடும் இல்லை. ஆனால் பெரிய கட்டையின் பக்கத்தைக் க என்றும் சிறியதன் பக்கத்தைச் ச என்றும் கொண்டால், அப்பெட்டி முழுவதும் (க + ச)³ ஆகும். சிவப்புக் கனசதுரம் க³, நீலம் ச³, தட்டைக் கட்டைகள் மூன்றும் 3க²ச, நீண்டவை மூன்றும் 3கச². என் முள் அன்று விழுந்தது. கனசதுரத்துக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகள் உண்டு. அவற்றுள் ஒரு திசையில் மட்டும் சிறிய அளவைத் தேர்ந்தெடுக்க மூன்று வழிகளே உள, ஆகவே 3. இதை விளக்க எத்தனை நிமிடம் ஆயிற்று? ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மையார் 1939இல் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் இத்தாலியக் குடியினர் என்பதால் தம் நாடு திரும்ப இயலாது, கொடைக்கானலிலும் சில காலம் தங்கினார். அதே அடையாற்றில்தான் 1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஓர் ஊரின் இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நான் பலமுறை எண்ணியதுண்டு. மெருகேற்றிய மரத்தில் செய்த பெட்டிகள் விலை மிக்கவை. அவை பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லாரின் பிள்ளைகளையே சென்றடைந்தன. சான் லொரன்சோவிற் பிறந்த பொருள் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

பின்னர் பெல்ஜியம் நாட்டின் துவென் என்னும் ஊரைச் சார்ந்த ஆசிரியர் ஜார்ஜ் குசினேர், 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள பத்து வண்ணக் கோல்களை அமைத்து, 1952இல் அவற்றைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு அவற்றைக் கண்ட காலெப் கட்டேனோ, பல நாடுகளுக்கும் அவற்றைக் கொண்டு சென்றார். கோல்களில் எண் எழுதப்படவில்லை என்பதே அவற்றின் சிறப்பு. நாலளவுக் கோலையும் சேர்த்து, அதற்குச் சமமாகக் கோல்களை வரிசையாய் வைக்க எத்தனை வழி என்று கேட்டால், பிள்ளை 8 வழிகளைக் காணும், ஐந்தளவுக்கு 16. ஒவ்வொரு படியிலும் இருமடங்கு. ஏன் இருமடங்கு என்ற கேள்வியைப் பிள்ளையே எழுப்பும்.

இந்நிலையில் ஒரு பெரிய தடை எழுந்தது. அதை எழுப்பியவர் சாதாரண மனிதர் அல்லர். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாசே. இவரும் பார்பெல் இன்ஹெல்டர் அம்மையாரும் 1951இல் வெளியிட்ட நூலில், வண்ணக் காய்களைக் கொடுத்துப் பிள்ளைகளை இணைகளும் வரிசைகளும் அமைக்கச் செய்த சோதனைகளை விவரித்தனர். சிறு பிள்ளைகள் மனம் போனபடி சேர்க்கின்றனர். எதையும் விடாமல் முறையாகச் சேர்க்கும் ஆற்றல் பதினோரு, பன்னிரண்டு வயதுக்குப் பின்னரே வாய்க்கிறது என்பது அவர்கள் முடிவு. பியாசே பிள்ளைகளைத் தாழ்த்தக் கருதியவர் அல்லர். பிள்ளை தானே செய்து கற்கிறது என்று உலகுக்கு உரைத்தவர் அவர். ஆயினும் அவருடைய வயதுக் கணக்கு ஆசிரியர் பலர் கையில் பூட்டாக மாறிற்று. 'இன்னும் பருவம் வரவில்லை' என்று சொல்லிக் கதவைச் சாத்துவது எளிதன்றோ? நம் பிள்ளைகள் திறத்திலோ பருவம் வராதென்றே முன்கூட்டித் தீர்ப்பெழுதியிருந்தனர்.

இப்பூட்டை அசைத்துப் பார்த்தவர்களுள் ஒருவர் அங்கேரியில் பிறந்த சோல்தான் டீன்ஸ். 1960களின் தொடக்கத்தில் இவரும் ஜெரோம் புரூனரும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்டு வயதுப் பிள்ளைகள் நால்வருக்குச் சதுரப் பலகைகளும், பட்டைக் கட்டைகளும், சிறு கட்டைகளும் கொடுத்தனர். சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று சொல்லப்படவில்லை; அதற்கு ஒரு பெயர் மட்டும் உண்டு. அச்சதுரத்தைப் பெரிய சதுரமாக்கப் பிள்ளைகள் இருபுறமும் பட்டைகளை ஒட்டினர். மூலையிற் சிறு கட்டையை வைத்து அடைத்தனர். பக்கத்துக்கு ஒரு பட்டை வைத்தால் மூலைக்கு 1 கட்டை, இரண்டு வைத்தால் 4, மூன்று வைத்தால் 9. நம் பத்தாம் வகுப்பு மாணவர் திணறும் வர்க்கப் பூர்த்தி இதுதான். எட்டு வயதிற் கைவந்தது. ஆயினும் அந்நால்வரும் படித்த, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். தனியார் பள்ளியிற் பயின்றவர்கள். கற்பித்தவரோ தேர்ந்த கணித அறிஞர். 'இவர்களுக்கு வந்தது எல்லோருக்கும் வருமா?' என்று எவரேனும் வினவினால் அச்சோதனை விடை கூறாது.

விடை கூறியது வேறொரு சோதனை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கெனில்வொர்த் என்னும் ஊர், தொழிலாளர் மிகுந்த ஊர். அங்குள்ள பொதுப்பள்ளியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கரோலின் மாகர் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் 1989ஆம் ஆண்டு முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து காணத் தொடங்கினர். அப்பிள்ளைகளுட் சிலரைப் பள்ளியிறுதி வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். ஆண்டுக்குச் சில நாள்களே இச்சோதனை வகுப்புகள். சூத்திரம் எதுவும் கற்பிக்கப்படவில்லை.

மூன்றாம் வகுப்பில் அவர்களுக்குக் கொடுத்த கணக்கு இதுதான். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கட்டைகள் இரு நிறங்களில் உள்ளன. நான்கு கட்டை உயரமுள்ள கோபுரங்களை எத்தனை விதமாகக் கட்டலாம்? கட்டி முடித்தபின் ஒரு கேள்வி: "எல்லாவற்றையும் கண்டுவிட்டீர் என்பது உமக்கு எப்படித் தெரியும்?"

இவ்வொரு கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. பிள்ளைகள் முதலில் மனம் போனபடியே கட்டினர். பியாசே கண்டதும் அதுவே. பின்னர் ஒரு கோபுரத்துக்கு நிறம் மாற்றிய எதிர்க்கோபுரம் கட்டினர். தலைகீழாக்கிய மற்றொன்று கட்டினர். கட்டியதையே மீண்டும் கட்டி, ஒப்பிட்டு, நீக்கினர். இணை இணையாக அடுக்கிய பின்னும் ஒன்றும் விடுபடவில்லை என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அந்த இயலாமையே அவர்களை மேலே இழுத்துச் சென்றது. நான்காம் வகுப்பில் ஐந்து கட்டை உயரம் கொடுத்தார்கள், 32 கோபுரம். பின்னர் 1992இல் நால்வரை ஒன்றாக அமர்த்தி, மூன்று கட்டை உயரத்துக்குக் காரணம் கூறச் செய்தனர்.

ஒரு சிறுமி வகைபிரித்துக் காட்டினாள். நீலமே இல்லாதது ஒன்று. ஒரு நீலம் உள்ளவை மூன்று. ஏனெனில் அந்த நீலம் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் மட்டுமே இருக்க முடியும். இரு நீலம் அடுத்தடுத்து வருபவை இரண்டு; மூன்றும் நீலமானது ஒன்று; இரு நீலம் பிரிந்து நிற்பது ஒன்று. ஆக 8. இரு நீலத்தை ஏன் இரண்டாகப் பிரித்தாய் என்று ஒரு சிறுவன் மறுத்தான், அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றொரு சிறுவன் வேறு வழியில் வந்தான். ஒரு கட்டைக்கு 2 கோபுரம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறத்தையோ மறு நிறத்தையோ வைக்கலாம், ஆதலால் 4. அவற்றின் மேல் மீண்டும் வைத்தால் 8. கணித அறிஞர்கள் தொகுத்தறிதல் முறை என்று கூறுவதற்கு இது மிக அருகில் நிற்கிறது. அச்சிறுவனுக்கு அப்போது வயது ஒன்பது, பத்து இருக்கலாம்.

அம்மாநிலத்தின் வேறொரு பள்ளியில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன், நான்கு மேற்கூட்டுப் பொருள்களில் எவற்றையேனும் இட்டோ இடாமலோ எத்தனை வகைப் பிட்சா செய்யலாம் என்ற கணக்குக்கு, இட்டால் 1, இடாவிட்டால் 0 என்று அட்டவணை எழுதி 16 என்றான். இதுபோல் வேறு கணக்கு செய்ததுண்டா என்று கேட்டபோது, கட்டைகளை எடுத்து, 1 ஒரு நிறம், 0 மறு நிறம், இதுவும் கோபுரமும் ஒன்றே என்று காட்டினான். பண்டமும் வேறு, கதையும் வேறு. கணக்கு ஒன்று எனக் காண்பதே இயற்கணிதத்தின் உயிர்நிலை. கெனில்வொர்த் சிறுமியும் எட்டாம் வகுப்பை அடைந்தபோது (க + ச)³ இன் விரிவைத் தன் பழைய கோபுரங்களைக் கொண்டே விளக்கினாள். 1, 3, 3, 1. எனக்கு முப்பது வயதுக்கு மேல் கிடைத்தது அவளுக்கு உரிய வயதிற் கிடைத்தது.

இச்செய்திகளைப் படித்தபோது 1983ஆம் ஆண்டின் அதே வகுப்பறை மீண்டும் என் நினைவுக்கு வந்தது. கணித வகுப்பு முடிந்ததும் தமிழாசிரியர் வந்து சீர் வாய்பாடு நடத்தினார். நேர், நிரை என அசை இரண்டு. இரண்டசை சேர்ந்தால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என 4 சீர். அவற்றின்மேல் நேர் சேர்ந்தால் காய், நிரை சேர்ந்தால் கனி. ஆக மூவசைச் சீர் 8. நாலசைச் சீர் 16. இரு நிறக் கட்டைகளால் அமெரிக்கச் சிறுவன் கட்டிய கோபுரத்தை நம் இலக்கணத்தார் இரு அசைகளால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் இட்டுவிட்டனர். அச்சிறுமியைப் போல் நிரையசையை எண்ணி வகைபிரித்துப் பாருங்கள். நிரையே இல்லாதது தேமாங்காய், 1. ஒரு நிரை உள்ளவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி, 3. இரு நிரை உள்ளவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி, 3. மூன்றும் நிரையானது கருவிளங்கனி, 1. வடமொழி யாப்பிலும் குரு, இலகு என்னும் இரண்டைக் கொண்டு பிங்கலர் இவ்வாறே விரித்தார்; அதன் உரையாசிரியர் ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டில் காட்டிய 'மேரு' அடுக்கே பின்னாளில் பாஸ்கல் முக்கோணம் எனப் பெயர் பெற்றது.

அடுத்தடுத்த இரு பாடவேளைகளில் ஒரே உண்மையை இரு ஆசிரியர்கள் எங்களை ஒப்பிக்கச் செய்தனர். இரண்டும் ஒன்றென்று இருவரும் கூறவில்லை. அவர்களுக்கும் எவரும் கூறியிருக்கமாட்டார்கள். யாப்பு கற்பித்த ஊர்த் திண்ணைகளுட் பெரும்பாலானவை நம் முன்னோர்க்கு அடைத்தே கிடந்தன. அயோத்திதாசப் பண்டிதரைப் போன்ற பெரும் புலவர் நம்மிடைத் தோன்றியது அத்திண்ணைகளின் தயவால் அன்று.

நம் சங்கத்தின் மாலை வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தேன். மரக்கட்டை இல்லை. தாயம் உருட்டுவதற்காக ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள் எந்த வீட்டிலும் கிடைக்கும். நான்கு கொட்டையை வரிசையாக வைத்தால் வெள்ளையும் கறுப்புமாக எத்தனை வரிசை வரும் என்று கேட்டேன். முதல் நாள் பலர் 10, 12 என்றனர், கூச்சல் மிகுந்தது, ஒருவன் 20 என்று வந்து நின்றான், இருமுறை எண்ணியவை நான்கு. செங்கல் சூளையில் வேலை செய்யும் தாயின் மகள் ஒருத்தி 14 என்று சொல்லி, நான் சரியென்றும் தவறென்றும் சொல்லாததால் சினந்து போனாள். மூன்றாம் நாள் வந்து, சாணம் மெழுகிய தரையில் கொட்டைகளைப் பரப்பி, "வெள்ளை இல்லாதது ஒன்று சார், ஒரு வெள்ளை நாலு இடத்திலே நிற்கலாம், நாலு, மூணு வெள்ளைன்னா ஒரு கறுப்பு, அதுவும் நாலு, முழு வெள்ளை ஒன்று. நடுவிலே ரெண்டு வெள்ளையைத்தான் குறைச்சு எண்ணிட்டேன், அது ஆறு" என்றாள். 1, 4, 6, 4, 1. அவளுக்கு நான் கற்பித்தது ஒன்றுமில்லை. ஒரு கேள்வி கேட்டேன், மூன்று நாள் காத்திருந்தேன்.

காத்திருத்தல் எளிதன்று. பாடத்திட்டம் முடிய வேண்டும், தேர்வு வரும். நம் மாநிலத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநில முழுவதும் சென்றது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பொருள்களும் அட்டைகளும் வகுப்புக்குள் வந்தன என்பது உண்மை. அதற்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும். ஆயினும் கட்டையைக் கொடுத்துவிட்டு விடையையும் ஆசிரியரே கூறிவிட்டால், கட்டை மற்றுமொரு கரும்பலகையாகிவிடும். 1960களில் மேலைநாடுகளிலும் பல பள்ளிகள் வண்ணக் கோல்களை ஆர்வத்தோடு வாங்கின. வாங்கியவை அலமாரிக்குள் உறங்கிய கதையும் உண்டு.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற பள்ளி ஒன்றில் கணித உபகரணப் பெட்டி உறை பிரியாமலே இருந்தது. காணாமற் போனால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று எனக்கு முன்னிருந்தவர் பூட்டி வைத்திருந்தார். அவர் அச்சமும் பொய்யன்று. சாவியை ஆறாம் வகுப்பறையின் ஆணியில் மாட்டச் செய்தேன். அவ்வாண்டு இறுதியில் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது கட்டைகளில் 7 குறைந்திருந்தன. எதிரே, 'மாணவர் பயன்பாட்டிற் குறைந்தவை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.